செயலாளர் ஆண்டறிக்கை: கான்ஸ்டான்ஷியா டூரும் ஒரு பாட்டில் கணக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் மாதிரி அரை மணி நேரம் இழுக்க மாட்டேன்னு தலைவர் அண்ணன்கிட்ட வாக்கு குடுத்துட்டுதான் மைக்க வாங்கியிருக்கேன். பொங்கல், தீபாவளி ரெண்டும் நல்லபடியா நடந்துச்சு, தமிழ் வகுப்புக்குப் பசங்க வர்றாங்க, வாத்தியார்தான் பத்தல.

இந்த வருஷம் பேச வேண்டியது க்ரூட் கான்ஸ்டான்ஷியா டூர்தான். தமிழ்ச் சங்கம் ஒயின் தோட்டத்துக்கா போகும்னு கமிட்டிலயே ரெண்டு பேர் மூஞ்சியத் தூக்கி வெச்சாங்க, கடைசில திரும்புறப்ப வேன் ஹாரன் அடிச்சும் ஏறாம நின்னது அவங்கதான். கேப் டவுன்ல இத்தனை வருஷமா இருக்கோம், ஊர்லேர்ந்து யாராச்சும் வந்தா டேபிள் மவுண்டன காட்டி அனுப்பிடுறோம், இது பக்கத்துலயே இருந்தும் பாதிப் பேர் பாத்ததில்ல.

1685ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, அப்போ இந்தக் கேப் பகுதிய நிர்வாகம் பண்ணின சைமன் ஃபான் டெர் ஸ்டெல்லுக்குக் குடுத்த நிலம் இது. அவர் அம்மாவோட அம்மா இந்தியாலேர்ந்து அடிமையா போன பொண்ணு, இதக் கேட்டதும் எல்லாரும் கப்சிப். தோட்டத்துல வேலை பாத்ததும் அடிமைங்கதான். அந்தக் காலத்து டச்சு ரெக்கார்ட்ல பேருக்குப் பின்னாடி ஊரத்தான் எழுதுவாங்க, ஃபான் பெங்காலன்னா வங்காளத்து ஆளு, ஃபான் மலபார்னா மலபார் ஆளுன்னு. நம்ம சோழமண்டலக் கரைலேர்ந்தும் ஆளுங்களக் கொண்டு வந்திருக்காங்க. ஒயினப் பத்தி மட்டும் பேசிட்டு இத விட்டுட்டா அது சரியில்லன்னு எனக்குப் பட்டுச்சு, அதான் அறிக்கைலயே சேத்துட்டேன்.

அன்னைக்கு சரியான காத்து. ஃபால்ஸ் பே பக்கம் கடல்லேர்ந்து வர்ற தென்கிழக்குக் காத்து, இங்க கேப் டாக்டர்னு சொல்றாங்களே அதேதான், பொருளாளர் அக்கா தொப்பியத் திராட்சைக் கொடிக்குள்ள கொண்டு போட்டுடுச்சு. ஆனா அந்தக் காத்துதான் வெயில்ல பழம் ரொம்ப சூடாகாம பாத்துக்குது, ஈரத்தக் காய வெச்சு பூஞ்சையையும் குறைக்குதாம்.

இவங்க பேர் வாங்கினது இனிப்பு ஒயின்ல. மஸ்கட் திராட்சையக் கொடிலயே சுருங்க விட்டுப் பறிப்பாங்க. செயின்ட் ஹெலினா தீவுல அடைச்சு வெச்சிருந்த நெப்போலியனுக்கே இங்கேர்ந்துதான் போச்சு. அப்புறம் 1880கள்ல வேரத் தின்னுற ஃபிலாக்ஸெரா பூச்சி கேப்புக்கும் வந்துச்சு, கடன் வேற, 1885ல தோட்டம் அரசாங்கத்துக்குப் போச்சு, அந்த ஒயினும் இல்லாமப் போச்சு. பக்கத்து க்ளைன் கான்ஸ்டான்ஷியாகாரங்க 1986 அறுவடைலதான் திரும்ப ஆரம்பிச்சாங்க, இவங்க 2003ல.

டேஸ்டிங்ல அந்த இனிப்பு ஒயின் ஆளுக்கு ரெண்டு மடக்கு. தேன் கலர், மூக்குக்கிட்ட கொண்டு போனா ஆரஞ்சுத் தோல் வாசம், குடிச்சப்புறம் நாக்குல லேசாப் புளிப்பு நிக்குது. குடிக்காதவங்களுக்குத் திராட்சை ஜூஸ், அதுலயும் சண்டை.

கணக்குல "இதர செலவு"ன்னு ஒரு வரி இருக்கும், அது என்னன்னு ஆடிட் பண்ணவர் கேட்டார். அது ஒரு சின்ன பாட்டில் கிராண்ட் கான்ஸ்டன்ஸ், அதான் இவங்களோட அந்த இனிப்பு ஒயின், சங்கக் காசுல வாங்கினது, பொருளாளர் அக்கா வீட்டு பீரோல பத்திரமா இருக்கு. திறந்து குடிக்கிறதா, ஏலம் விடுறதான்னு பொதுக்குழுதான் சொல்லணும். ரெண்டு வருஷமா சந்தா கட்டாதவங்களுக்கு இதுல ஓட்டு கிடையாது.