கொழுக்கட்டை போர்டும் என் கையும்

டேய் சேகர்,

உன் பொண்ணு கல்யாணத்துக்கு வராததற்குப் போனில் நீ கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டேன். மறுபடி ஆரம்பிக்காதே. உன் பி.பி. எப்படி? இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டும் மேற்கு மாம்பலத்தில் கொசு விடவில்லை.

எழுத உட்கார்ந்தது ஒரு போர்டு விஷயமாக. கோடம்பாக்கத்தில் தங்கச்சி வீட்டுக்காரர் பலகாரக் கடை வாசலில் சிவப்பு எழுத்து ஓடுமே, அது. எட்டு பி10 மாட்யூல் (எல்.இ.டி. புள்ளிகள் பதித்த பலகை), மேலே நாலு, கீழே நாலு. போன வாரம் பார்த்தால் புள்ளி வரிசையில் ஒரு வரி விட்டு ஒரு வரி இருட்டு. எரிகிற வரியிலும் இரண்டு வரிப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ‘சூடான கொழுக்கட்டை’யைச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி இருந்தது. போர்டு போட்ட ஆள் வந்து, அண்ணாந்து பார்த்து, எட்டு மாட்யூலையும் மாத்தணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். எட்டும் ஒரே ராத்திரியில் ஒரே மாதிரி சாகுமாடா?

ஐ.டி.ஐ.யில் நம்ம ஃபியூஸ் வாத்தியார் சொன்னபடி சப்ளையில் ஆரம்பித்தேன். சப்ளைப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 5 வோல்ட், கடைசி மாட்யூலில் 4.8. சரி. ரிப்பன் கேபிளை மாற்றினேன், அதே கதை. எழுத்தை ஓட்டும் கண்ட்ரோல் கார்டில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் தனித்தனி சாக்கெட். இரண்டிலும் ஒரே நோய் என்றால் நோய் கார்டில்தான். பி10 ஒரு நேரத்தில் கால்வாசி வரிகளைத்தான் எரிக்கும். எந்தக் கால்வாசி என்று சொல்வது ஏ, பி என்ற இரண்டு லைன். சடசடவென்று மாறிக்கொண்டே இருப்பதால் மீட்டரில் பாதி வோல்ட்டேஜ் காட்டணும். நாலாவது பின்னில், அதாவது பி-யில், 2.5 வந்தது. இரண்டாவது பின்னில், ஏ-யில், பூஜ்யம். கேபிளைப் பிடுங்கிவிட்டு வைத்தாலும் பூஜ்யம்! ஏணி மேலேயே கத்திவிட்டேன், கீழே வடை வாங்க வந்தவர் பயந்து நகர்ந்தார்.

கார்டைக் கழற்றினால், 74எச்சி245 பஃபர் ஐசியின் (கார்டின் சிக்னலை மாட்யூலுக்குத் தள்ளிவிடும் சிப்) காலோரம் பச்சை பூத்திருக்கிறது. பக்கத்தில் பல்லி முட்டை ஓடு இரண்டு. மழைத் தண்ணீர் இறங்கிய வழியும் தெரிந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் அந்த ஐசியை வாங்கி வந்தேன். ராத்திரி சோல்டரிங் அயர்னைச் சூடாக்கி உட்கார்ந்தேன். இருபது கால், காலுக்குக் கால் 1.27 மில்லிமீட்டர். கை நடுங்கியதுடா. டீ குடித்துவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும் அதே. அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு லைட்டை அணைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் புதுக் கார்டே வாங்கிவிட்டேன். மாட்டியதும் போர்டு முழுக்கச் சிவப்பு, எழுத்து மட்டும் கறுப்பு. செட்டிங்கில் டேட்டா போலாரிட்டி, அதாவது எது எரியணும் எது அணையணும் என்பது, தலைகீழ். அதைத் திருப்பினால் அடுத்த வம்பு. பழைய வாசகம் பழைய கார்டோடு போச்சு, ஆப்பில் புதிதாக அடித்தால் ‘கொ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. பள்ளிக்கூடப் பசங்கள் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தார்கள். கடைசியில் கம்ப்யூட்டரில் வாசகத்தை 32 புள்ளி உயரப் படமாகச் செய்து ஏற்றினேன், ஓடுகிறது. கூலியாக ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்தார், சுகர்காரனுக்கு!

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கையைக் காட்டப் போகிறேன். திட்டாதே, நிஜமாகவே போகிறேன். பழைய கார்டைத் தூக்கிப் போடவில்லை, ஐசியும் கவர் பிரிக்காமல் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது உன் கண்ணாடியை மறக்காதே. கிண்டி ஐ.டி.ஐ.யில் உன் சோல்டரிங்கைப் பார்த்து வாத்தியார் ‘இது என்னடா, காக்கா எச்சமா?’ என்று கேட்டது ஞாபகமிருக்கிறது. ஆனாலும் எனக்கு வேறு ஆள் இல்லை.

உன்,
ரவி