பஜனை ஸ்பீக்கரில் ஃபோர்டு ஓடாது: நம் சங்கத் திரைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், தென்னாப்பிரிக்கா, நவம்பர் 2019

மரியாதைக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், திரைக்குழு அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு கூட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும், அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. 16-ஆம் தேதி சனிக்கிழமை தியேட்டரில் ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ கார்ப் பந்தயப் படத்துக்கு நாம் வைத்த காட்சி ரத்து, கட்டிய பணம் சங்கக் கணக்கிலேயே இருக்கட்டும், டிஸ்க் வந்ததும் நம் மண்டபத்திலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏகமனதாக முடிவு செய்துவிட்டு, அடுத்த நிமிடமே தீபாவளி வரவு செலவுக்குப் போய்விட்டீர்கள். அந்த ஏகமனதில் என் மனம் இல்லை. கடைசி வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன், செயலாளர் அண்ணன் பார்த்தார், பார்த்துவிட்டு டீ வந்துவிட்டதா என்று கேட்டார். சரி, பேச விடவில்லை, எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். அந்தக் காட்சியைத் திருப்பிக் கொடுங்கள். தியேட்டரில், பெரிய ஹாலில், சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு, ஆகஸ்டில் நீங்களே சொன்னபடி.

நீங்கள் சொன்ன முதல் காரணம், 16-ஆம் தேதி நம் முன்னோர் வந்து இறங்கிய நாள் என்பது. உண்மைதான். 1860 நவம்பர் 16, மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த நாள், சின்ன வயதிலிருந்து வருடா வருடம் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன் நான், கேட்காமலே சொல்வேன். ஆனால் ஐயா, அந்தத் தேதி இந்த ஆகஸ்டில் மாறி வரவில்லையே, 159 வருடமாக அதே தேதிதானே? அதுவும் நினைவு நிகழ்ச்சி காலை 9 மணிக்கு, சாப்பாடு முடிந்து 2 மணிக்கெல்லாம் பாத்திரம் கழுவிவிடுவோம். கழுவுவதும் பெரும்பாலும் நாங்கள்தான், பந்தயப் பைத்தியங்கள் என்று நீங்கள் பெயர் வைத்த அதே கூட்டம். 2 மணிக்கு முடிகிற நிகழ்ச்சிக்காக 5 மணிப் படத்தை எதற்கு ரத்து செய்ய வேண்டும் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

இரண்டாவது காரணத்தை ஒரு அக்கா சொன்னார், பெயர் வேண்டாம். "வெள்ளைக்காரன் கார் ஓட்டுகிற படத்துக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். ஒரு ஹீரோ மோட்டார் சைக்கிளை ரயிலுக்கு மேலே தாவ விட்டு இறங்குகிறபோது மட்டும் நமக்கும் மொழிக்கும் பண்பாட்டுக்கும் சம்பந்தம் வந்துவிடுகிறது, அதற்கு மூன்று காட்சி புக் செய்து பிரியாணியும் போடுகிறோம். போடுங்கள், நானும் வந்து விசிலடிக்கிறேன். ஆனால் சம்பந்தம் கேட்டால் சொல்வதற்கு எங்களிடமும் உண்டு. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2009-இல் பிரான்ஸின் 24 மணி நேரக் கார்ப் பந்தயமான லெ மானுக்கு ஆடி டீசல் காரோடு போனார், பந்தயம் தொடங்கும் முன்பே கார்களைச் சரிபார்க்கிற பிட் பக்கத்துச் சுவரைத் தாண்டும்போது தோள் மூட்டு இறங்கி, 24 மணி நேரமும் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது, அவர் காரை மற்ற இரண்டு பேரும் ஓட்டி ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். இதைவிடத் தமிழ் சோகம் வேண்டுமா? மூன்று வருடம் கழித்து, 2012-இல், சென்னைக்காரர் கருண் சந்தோக் அதே பந்தயத்தில் கடைசிவரை நின்று ஆறாவது இடத்தில் முடித்த அணியில் இருந்தார். அது போதாதென்றால் மாமா கதையைச் சொல்கிறேன்.

மாமாவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி காவடிச் சட்டங்களுக்கு வெல்டிங் போடுகிறவர், நன்கொடைச் சீட்டில் பெயர் எழுத விடமாட்டார். 74 வயது. நாற்பது வருடம் பேனல் பீட்டிங், தகரத்தைச் சுத்தியலால் அடித்து அடித்துக் காது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, மேல் சத்தம்தான் போய்விட்டது. பேத்தி கூப்பிட்டால் கேட்காது, போன் மணி கேட்காது, லாரி வந்தால் கேட்கும். கீழ் சத்தம் காதில் கொஞ்சம், உடம்பில் மீதி. பக்கத்து வீட்டுப் பையன் தன் பழைய கார்ட்டினா கார் இழுக்க மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தால், மாமா எதுவும் கேட்க மாட்டார், பானெட்டைத் திறந்து, ஓடுகிற எஞ்சின் மேல் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மூன்று விரலைக் காட்டுவார். மூன்றாவது சிலிண்டர். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கும்.

1966-இல் அவருக்கு 21 வயது. அவர் வேலை பார்த்த கராஜ் முதலாளி சலூன் கார் ஓட்டுகிறவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் பந்தயத் தளத்துக்கு வாராவாரம் போகிற ஆள். அந்த வருடம் ஜோஹானஸ்பர்க் பக்கம் கயலாமியில் நடக்கிற 9 மணி நேரப் பந்தயத்தைப் பார்க்கப் புறப்பட்டபோது மாமாவையும் பக்கியின் (திறந்த பின்பக்கம் உள்ள சின்ன வண்டி) பின்னால் ஏற்றிக்கொண்டார், வழியில் வண்டி நின்றால் ஆள் வேண்டுமே. ராத்திரி முழுக்க டயரோடு டயராக உட்கார்ந்து போயிருக்கிறார். வழியில் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சரிசெய்ததும் அவர்தான். போய்ச் சேர்ந்ததும் முதலாளிக்கு ஒரு வாசல், இவருக்கு வேறு வாசல், வேறு வேலி. அந்த நிறவெறிச் சட்டக் காலம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதே காலத்தில்தான் நம் வீடுகளையும் பிடுங்கிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் பார்த்தது பந்தய ஓட்டுநர் டேவிட் பைப்பரின் பச்சை ஃபெராரியை. ஃபெராரி என்றால் சிவப்புத்தான் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பைப்பருடையது பச்சை. அந்த வருடம் ஜூன் மாதம் லெ மானில் ஃபோர்டு எட்டு பெரிய கார்களை இறக்கி, ஐந்து வழியிலே நின்று, மீதி மூன்றும் ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக வந்து ஃபெராரியின் ஆறு வருட ராஜ்யத்தை முடித்தது. அந்தக் கதைதான் இப்போது படமாக வருகிறது. ஆனால் கயலாமியில் அதே வருடம் பைப்பரும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஜெயித்தது ஃபெராரியில். அதனால் மாமா அன்றிலிருந்து ஃபெராரி கட்சி. நான் ஃபோர்டு கட்சி. முப்பது வருடமாக எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இதுதான், என் அம்மாவைக் கேளுங்கள்.

அந்தப் பைப்பரைப் பற்றி இன்னொன்று. 1969-இல் இதே கயலாமியில் போர்ஷே 917 காரில் ஜெயித்தார். அடுத்த வருடம், ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் நடித்த ‘லெ மான்’ படத்துக்காகப் படப்பிடிப்பில் அதே ரகக் காரை ஓட்டும்போது மோதி, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நிஜப் பந்தயத்தில் தப்பியவருக்குச் சினிமாவில் போனது. மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் தன் முழங்காலைத் தடவிக்கொள்வார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் மாமாவுக்கு என் போனில் படத்தின் டிரெய்லரைக் காட்டினேன். படம் பார்த்தார், சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கையில் வாங்கி மார்பில் வைத்துப் பார்த்தார். போன் ஸ்பீக்கரில் என்ன அதிரும்? திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஃபெராரி பன்னிரண்டு சிலிண்டர்டா, மேலே கத்தும், அது எனக்கு இனிமேல் கேட்காது. ஃபோர்டு எட்டு சிலிண்டர், ஏழு லிட்டர், அடி வயிற்றிலிருந்து உறுமும். தியேட்டரில் போட்டால் அது மட்டும் கேட்கும்" என்றார். வாழ்நாள் முழுக்க ஃபெராரிக்காகச் சண்டை போட்ட மனிதர், கடைசியில் ஃபோர்டு சத்தத்தைத்தான் கேட்க முடியும் என்று தெரிந்தும் டிக்கெட்டுக்கு முதல் ஆளாகப் பணம் கட்டினார். பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்து ஓரச் சீட்டு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அவரிடம் போய் மண்டபத்தில் போட்டுக் காட்டுகிறோம் என்று எப்படிச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

மண்டபத்தில் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்த கதைதான். முடிவு செய்யும் முன் "சோதனை" என்று டிரெய்லரைப் போட்டீர்களே, நானும் இருந்தேன். திரை என்று கட்டியது பந்தி விரிப்பு, ஓரத்தில் மஞ்சள் கறையோடு. ஸ்பீக்கர் என்று வைத்தது வெள்ளிக்கிழமை தேவாரத்துக்கு வைக்கிற இரண்டு பெட்டி, அதில் ஒன்று 2016-இலிருந்து பேசுவதில்லை. ஃபோர்டின் ஜிடி40 கார் ஸ்டார்ட் ஆனபோது யாரோ சமையல்கட்டில் சட்னி அரைக்கிறார்கள் என்றுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பஜனைக்கு அந்தப் பெட்டி போதும், சாமிக்குக் காது நன்றாகக் கேட்கும். இரண்டரை மணி நேரப் படம் இது, முக்கால்வாசி எஞ்சின்தான் பேசும். போதாக்குறைக்குப் போன மாதம் மறுபடி லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) தொடங்கியிருக்கிறது. மண்டபத்தில் ஜெனரேட்டர் கிடையாது, வாங்கலாம் என்று நான் தெரிய ஐந்து ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுகிறீர்கள். இந்தக் காட்சிக்கு 64 பேர் பணம் கட்டினார்கள், ஆளுக்கு 90 ராண்ட். அதில் 40 பேருக்கு மேல் முப்பது வயதுக்குக் கீழே, பாதிப் பேர் சங்க வாசலை மிதித்ததே இல்லை, மூன்று பேர் ஊருக்கு வடக்கே ஃபீனிக்ஸிலிருந்து வருகிறார்கள். அவர்களாகவே வந்தார்கள், நோட்டீஸ் அடிக்கவில்லை, பிரியாணி என்று சொல்லவில்லை. வந்தவர்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தில் மறுபடி இளைஞர் அணி ஏன் காலி என்று அறிக்கை வாசிக்கப் போகிறோம். இருக்கிற நாற்காலியில் இருக்கிறவர்களே இருப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தலைவர் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது என்று கேட்க வந்தேன், அது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். மன்னிக்கவும். கோபத்தில் கை அந்தப் பக்கம் போய்விட்டது.

கயலாமி 9 மணி நேரப் பந்தயமும் இந்த மாதம் 23-ஆம் தேதி திரும்ப வருகிறது, 1982-க்குப் பிறகு இப்போதுதான். மாமாவைக் கூட்டிப்போகலாமா என்று டாக்டரைக் கேட்டேன். ஆறு மணி நேரம் காரில் உட்கார வைக்கக் கூடாது, இடுப்பு தாங்காது என்றார். அந்த வேலிக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது. தியேட்டர் நம் வீட்டிலிருந்து பத்து நிமிடம், வழியில் மூன்று ரோபோ (டிராஃபிக் சிக்னல்), அவ்வளவுதான். பாதிப் படத்தில் எழுந்து நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஓரச் சீட்டு என்று அத்தை சொல்கிறார், ஸ்பீக்கருக்காக என்று மாமா சொல்கிறார்.

ஆகவே ஐயா, பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். பெரிய ஹால், சனிக்கிழமை, 5 மணி. நான் தியேட்டரில் விசாரித்துவிட்டேன். நம் புக்கிங்கை அவர்கள் இன்னும் கலைக்கவில்லை, வியாழக்கிழமை மத்தியானம் வரை வைத்திருக்கிறோம் என்று அங்கே டிக்கெட் பிரிவில் இருக்கிற பெண் சொன்னார். பொருளாளர் அண்ணன் அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். நினைவு நிகழ்ச்சிக்கு நாற்காலி போட, பாத்திரம் கழுவ, குப்பை கொண்டுபோய்க் கொட்ட எங்கள் 64 பேரில் பாதிப் பேர் காலை 7 மணிக்கே வந்துவிடுவோம், எழுதித் தரவும் தயார். டிக்கெட் விலைக்கு மேல் ஏதாவது கூடினால் அதை நான் போட்டுக்கொள்கிறேன். கோபமாக எழுதியதில் தப்பு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், காட்சியை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பணம் கட்டிய 64 பேர் சார்பில், உங்கள் உறுப்பினர் ஒருவன்
(சந்தா டிசம்பர் வரை கட்டியாயிற்று)

பி.கு.: காட்சி ரத்து என்று மாமாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பார்த்தால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.