நெல் பணம் ஏறும் நேரத்தில் வரும் மெசேஜ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசியில் என் பெரியப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து 62 ஆயிரம் ரூபாய் திருடு போனது. சம்பா நெல் போட்டு, கணக்கில் ஏறி மூன்றே நாள் ஆன பணம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட, ரோட்டில் கொட்டி இரண்டு நாள் காயவைத்து விற்ற நெல் அது.

தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்திருக்கிறது. பி.எம். கிசான் என்று பெயர். கேஒய்சி முடிக்காவிட்டால் அடுத்த தவணை 2,000 ரூபாய் நின்றுவிடும் என்று கீழே தமிழில் எழுதியிருந்தது. பெரியப்பா அதைத் தொட்டு, அது கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்துவிட்டார். விடிவதற்குள் மூன்று தடவையாகப் பணம் போய்விட்டது.

"நான் யாருக்கும் ஓடிபி சொல்லலையேம்மா" என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். அவர் சொல்வது உண்மைதான். அந்த ஃபைலின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்திருந்தது, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றுகிற ஃபைல். அப்படிப்பட்டதைப் போனில் ஏற்றி, எஸ்எம்எஸ் படிக்கவும் அனுமதித்துவிட்டால், ஓடிபியை நாம் சொல்லவே வேண்டாம், அதுவே படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். அனுப்பியவர் மேலும் குற்றமில்லை. அவர் போனில் புகுந்த ஃபைல்தான் அவர் பேரில் எல்லோருக்கும் போயிருக்கிறது. ஆகவே, ஓடிபி சொல்லாதீர்கள் என்று மட்டும் எச்சரிப்பது இனிப் போதாது. பி.எம். கிசான் கேஒய்சியை அரசின் இணையதளத்தில் முடிக்கலாம், பிளே ஸ்டோரில் உள்ள அதன் செயலியில் முடிக்கலாம், பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தும் முடிக்கலாம். அதற்கு வாட்ஸ்அப் ஃபைல் எதுவும் தேவையே இல்லை.

அவர் போனைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. போன் வாங்கிய அன்று கடைப் பையன் மெயில் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு, பெரியப்பா பெயரும் 1234-ம். எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், நாலைந்து வீட்டில் இதே கதை. மெயில் ஒன்று கைமாறினால் போதும், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அமுக்கியே மற்ற கணக்குகளையும் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அவருக்குப் புதிதாக வைத்தேன். மதகு, சோளப்பொரி, பஞ்சாங்கம், தவளை என்பது போல (இதையே யாரும் வைத்துவிட வேண்டாம்). நீளமாக இருப்பதுதான் பலம் என்று அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட்டும் சொல்கிறது. மறந்துவிடுவாரே என்று ஒரு நோட்டில் எழுதி, நிலப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். அப்புறம் மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். பெரியப்பா மறுநாள் காலையே ஏடிஎம்மில் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் வாயே திறக்கவில்லை. அப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்திருந்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் கொஞ்சமாவது மறித்திருக்கலாம். நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சுற்றறிக்கை விட்டது. இதை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் கொடுத்து நெல்லைப் போட்ட பிறகு, "பணம் ஏறிடுச்சா" என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். அந்த நேரத்தில் வருகிற எந்த மெசேஜும் எங்களுக்கு நிஜமாகத்தான் தெரியும். அதனால் எச்சரிக்கையும் அங்கேயே இருக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் விலை எழுதும் பலகையிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் இரண்டு வரி எழுதினால் போதும்: வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடாதீர்கள், பணம் போனால் உடனே 1930. புரட்டாசியில் குறுவை அறுப்பு தொடங்குவதற்குள் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும். கொள்முதல் செய்தி போடும்போதெல்லாம் உங்கள் பத்திரிகையும் அந்த இரண்டு வரியைக் கட்டம் கட்டிப் போட வேண்டுகிறேன். பெரியப்பா தினமும் டீக்கடையில் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.