பிளாட்டினத்தை வென்றதாகச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுப்பதில் பிளாட்டினத்துக்கு ஈடான, மலிவான நானோ துகள் மின்வினையூக்கி (மின்முனையில் நடக்கும் வினையை விரைவுபடுத்தும் பொருள்) உருவாக்கப்பட்டுள்ளதாக அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவற்றில் வினையூக்கியின் பெருமை விரிவாக இடம்பெறுகிறது. சோதனைக் கலத்துக்குள் வேறு என்னென்ன இருந்தன என்பது இடம்பெறுவதில்லை. இத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று கருதுகிறேன்.

சோதிக்கப்படும் மின்முனையோடு, மின்சுற்றை நிறைவு செய்யத் துணை மின்முனை ஒன்றும் கலத்தில் இருக்கும். வழக்கத்தின் காரணமாகப் பலரும் அதற்குப் பிளாட்டினக் கம்பியையே பயன்படுத்துகிறார்கள். நீண்ட நேரம் மின்னோட்டம் செல்லும்போது, குறிப்பாக அமிலக் கரைசலில், அக்கம்பியிலிருந்து மிகச் சிறிதளவு பிளாட்டினம் கரைந்துபோய்ச் சோதனை மின்முனையின் மீது படியக்கூடும். நேரம் ஆக ஆக வினையூக்கியின் திறன் கூடுவதாகக் கட்டுரை எழுதப்படும். உண்மையில் அங்கே உழைப்பது, தோற்றுவிட்டதாகச் சொல்லப்படும் அதே பிளாட்டினமாக இருக்கலாம்! கிராஃபைட் தண்டைத் துணை மின்முனையாக வைத்து மறுபடியும் அளந்தால் இந்த ஐயம் பெரும்பாலும் தீரும். கிராஃபைட்டும் ஆக்சிஜனேற்றமடைந்து கரைசலில் மாசு சேர்க்கும் என்பதால், இரு மின்முனைகளுக்கும் நடுவே சவ்வு வைத்துப் பிரிப்பது இன்னும் நல்லது.

நீரைப் பகுப்பதன் மறுபாதியான ஆக்சிஜன் வெளியேற்றத்தைக் காரக் கரைசலில் ஆராய்வோருக்கு இதே தொல்லையை இரும்பு தருகிறது. அக்கரைசலுக்குரிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மாசாகக் கலந்திருக்கும் இரும்பு, வினையூக்கியான நிக்கல் ஹைட்ராக்சைடுக்குள் புகுந்து அதன் திறனைப் பன்மடங்கு உயர்த்துகிறது. இது 1980களிலேயே பதிவான செய்தி. ஆயினும், இரும்பை நீக்காத கரைசலில் அளந்த திறன் நிக்கலின் கணக்கிலேயே எழுதப்படுவதை இன்றும் காண்கிறோம்.

பரப்பளவு பற்றியும் ஒரு சொல். மின்னோட்டத்தை, துகள்கள் பூசப்பட்ட வட்டு வடிவச் சோதனை மின்முனையின் வெளிப்பரப்பால் மட்டும் வகுத்தால், அதிகத் துகள்களைப் பூசியவர் பெரும்பாலும் முந்திவிடுவார். பிளாட்டினத் துகள்களின் மெய்யான பரப்பை, அவற்றின் மேல் ஒட்டும் ஹைட்ரஜனின் மின்னூட்டத்தைக் கொண்டு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலோம் என்ற அளவில் மதிப்பிடலாம். ஆக்சைடு வினையூக்கிகளுக்கு இவ்வளவு உறுதியான அளவுகோல் இல்லாததால், அவற்றைப் பிளாட்டினத்தோடு ஒப்பிடும் எண்களை மேலும் கவனமாகவே படிக்க வேண்டும்.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, துணை மின்முனை எது, மின்பகுளி (கலத்திலுள்ள கரைசல்) தூய்மையாக்கப்பட்டதா, எந்தப் பரப்பால் வகுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்களிடம் கேட்டு, இரண்டு வரிகளாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்வேதியியல் ஆய்வாளர் ஒருவர்