‘லெஃப்ட்’ என்று எழுதியவளுக்கும் மதிப்பெண் கொடுங்கள்

ஆங்கிலக் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பெரம்பூரில் என் வீட்டு மொட்டை மாடியில் சாயங்கால வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி தன் மாதத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வினைச்சொல்லைச் சரியான காலத்தில் எழுதும் கேள்வி. உங்களுக்குத் தெரியாததில்லை, வருஷா வருஷம் வருகிற அதே ரயில்தான். ‘தி டிரெய்ன் லெஃப்ட் பிஃபோர் வி ரீச்டு தி ஸ்டேஷன்’ என்று எழுதியிருந்தாள். ‘லெஃப்ட்’ மேல் சிவப்பு மையில் ஒரு அடி. பக்கத்தில் ‘ஹேட் லெஃப்ட்’.

அவள் போய்க் கேட்டிருக்கிறாள். “கீயில ஹேட் லெஃப்ட்னுதான் இருக்கும்மா, நான் என்ன பண்ணட்டும்” என்று திருத்தியவர் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் இருக்கும் விடைக்குறிப்பை மீறி அவரால் மதிப்பெண் போட முடியாது. அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த வாக்கியத்தில் இரண்டும் சரி. எது முன்னால் நடந்தது என்பதை ‘பிஃபோர்’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. ‘ஆஃப்டர்’ வந்தாலும் அப்படித்தான். ‘ஹேட்’ போடலாம், போடாமலும் விடலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், அவர்களுடைய இலக்கண நூல்களும் இரண்டையும் ஒப்புக்கொள்கின்றன.

‘வென்’ வந்தால் சங்கதி வேறு. ‘வென் வி ரீச்டு தி ஸ்டேஷன், தி டிரெய்ன் லெஃப்ட்’ என்றால் நாங்கள் உள்ளே நுழைய, ரயில் கிளம்புகிறது. கடைசிப் பெட்டியையாவது பார்த்திருப்போம். ‘ஹேட் லெஃப்ட்’ என்றால் பிளாட்பாரம் காலி. அங்கே ஒரு ‘ஹேட்’ பொருளையே மாற்றிவிடுகிறது. அதைக் கேளுங்கள், தவறாக எழுதினால் மதிப்பெண்ணை வெட்டுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பொருள் மாறாத இடத்தில் வெட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு மதிப்பெண்தானே என்று தோன்றலாம். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது அவள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தேன். இந்தத் தேர்வுக்கு முன்பே எழுதிக் காட்டினாள். தண்ணீர் வந்தது, கரண்ட் போனது, அப்பா ஆயாவைத் தோளில் தூக்கினார், பக்கத்து வீட்டு மாடிக்குப் போனோம், இரண்டு ராத்திரி அங்கேயே இருந்தோம். எல்லாம் எளிய இறந்தகால வினைகள், நடந்த வரிசையிலேயே. இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. ஆனால் படிக்கப் படிக்கத் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. பிழையைத் திருத்தி, நல்லபடியாக எழுதிக்கொண்டு வா என்றேன்.

நடுவில் தேர்வுத் தாள் வந்துவிட்டது. அவள் திரும்ப எழுதிக் கொண்டுவந்ததில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஒரு ‘ஹேட்’. ஹேட் கம், ஹேட் லிஃப்டட், ஹேட் கான், ஹேட் ஸ்டேட். எல்லாமே எதற்கோ முன்னால் நடந்தவை. அந்த ‘எது’ கடைசி வரி வரை வரவேயில்லை. ஏம்மா இப்படி என்று கேட்டேன். “ஹேட் போட்டா மார்க் போகாது இல்ல மிஸ்?” என்றாள். உங்கள் விடைக்குறிப்பிலிருந்து அவள் கற்றுக்கொண்டது இதைத்தான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘ஹேட்’ ஏற்கெனவே வழுக்குகிற இடம். “நேத்து பெரியப்பா வந்திருந்தார்” என்கிறோம். வந்தார், இருந்தார், கிளம்பிவிட்டார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பிள்ளை அதை அப்படியே ‘ஹேட் கம் எஸ்டர்டே’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்துக்கு அங்கே ‘கேம்’ போதும். “போன வருஷம் ஊட்டி போயிருக்கேன்” என்பது நமக்கு இயல்பு, ஆனால் ‘லாஸ்ட் இயர்’ என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ கூடாது, ‘வென்ட்’தான். காலையில் ஈரத் தரையைப் பார்த்து “ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்கிறோமே, அது கண்ணால் பார்க்காததை ஊகித்துச் சொல்வது. அதற்கு ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ வேண்டும். பிள்ளைகள் கவனமில்லாமல் இப்படி எழுதவில்லை. தங்கள் மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஒரே மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பில் அவர்களுக்குக் கிடைப்பதோ “இரண்டு செயல் வந்தால் முதல் செயலுக்கு ஹேட்” என்ற ஒற்றை வரி. எதற்கு, எப்போது வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த ஊரில் ஒரு பிள்ளையை அதன் ஆங்கிலத்தை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். கல்லூரியில், நேர்காணலில், பெரிய கடைகளில்கூட. பத்து வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளை, நேற்று என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் ஹேவா, ஹேடா, ஒன்றுமே வேண்டாமா என்று தவித்து வாயை மூடிக்கொள்கிறது. மூட்டை தூக்குகிறவரும் வீட்டுவேலை செய்கிறவரும் கடன் வாங்கி டியூஷனுக்கு அனுப்புவது இதற்காகவா? என் கோபம் கேள்வித்தாளைத் தாண்டிப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். இரண்டு விடையும் சரியாக இருக்கும் கேள்விக்கு இரண்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள். ‘ஹேட்’ மட்டும்தான் வேண்டுமென்றால், அது இல்லாமல் பொருள் நிற்காத வாக்கியமாகப் பார்த்துக் கேளுங்கள். அடுத்த திருப்புதல் தேர்வுக்கு முன் விடைக்குறிப்பில் ‘லெஃப்ட்’டுக்கும் ‘ஹேட் லெஃப்ட்’டுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டுவிட்டால் போதும்.

அவள் முதலில் எழுதிய பத்தியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தச் சாய்கோட்டைக் காட்டி, இதையே எழுது என்று அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தயவுசெய்து செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியை