மேனேஜர் ஆகிவிட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொல்லலாம் என்று பார்த்தால் ரெண்டு வாக்கியம் முடிவதற்குள் "ஒரு நிமிஷம்மா, இன்னொரு கால் வருது" என்கிறாய், அந்த ஒரு நிமிஷம் மறுநாள் வரை நீள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன், மெட்ரோவில் போகும்போது படித்துக்கொள். மேனேஜர் ஆனதும் முதலில் என்னம்மா செய்யணும் என்று கேட்டாய். உன் கம்ப்யூட்டர் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்களை வைத்து வேலை வாங்குவதைக் கீழேயிருந்து ஸ்டாஃப் நர்ஸாகவும் பார்த்திருக்கிறேன், மேலேயிருந்து சூப்பிரண்டாகவும் பார்த்திருக்கிறேன். எங்கள் இடத்தில் நோயாளி, உங்கள் இடத்தில் கஸ்டமர். மற்றபடி மனுஷர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்.

நேற்றுவரை உன்னோடு சேர்ந்து மேனேஜரைத் திட்டியவர்களுக்கு இன்றைக்கு நீயே மேனேஜர். உன்னை விட்டுவிட்டு இன்னொரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருப்பார்கள். ஆரம்பிக்கட்டும். அதில் என்ன பேசுகிறார்கள் என்று யாரிடமும் விசாரிக்காதே, விசாரித்தால் ஒருத்தர் உனக்கு ஒற்றர் ஆகிவிடுவார், மிச்சப் பேர் உன் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். டீ குடிக்கக் கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அப்புறம், உன்னைவிட சீனியர், இந்தப் பதவி தனக்குத்தான் என்று நினைத்திருந்தவர் ஒருத்தர் இருக்கிறார் என்றாயே, அவரிடம் மட்டும் தள்ளிப்போடாமல் முதல் வாரமே தனியாகப் பேசிவிடு. "உங்களுக்கு வருத்தம் இருக்கும், எனக்குத் தெரியும். இதுல எந்த வேலைய முழுசா உங்க பொறுப்புல எடுத்துக்கறீங்க?" என்று நேராகவே கேள். சமாதான வார்த்தையெல்லாம் அந்த மாதிரி ஆளிடம் எடுபடாது, பொறுப்புதான் எடுபடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கெட்ட செய்தி உன்னிடம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை வைத்துத்தான் நீ நல்ல மேனேஜரா இல்லையா என்பதே. மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வார்டு, இரண்டு இன்சார்ஜ் சிஸ்டர். ஒருத்தர் வார்டு பளிச்சென்று இருக்கும், பதிவேட்டில் மருந்து மாறியது, ஊசி தவறியது என்று ஒரு வரி இருக்காது. மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர். இன்னொருத்தர் வார்டில் பதிவேடு நிறைய எழுதியிருக்கும், மாத்திரை ஒரு மணி நேரம் லேட், டிரிப்ஸ் வேகம் கூடிவிட்டது, இப்படி. மீட்டிங்கில் அவரைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள். நான் இரண்டு வார்டிலும் டியூட்டி பார்த்தவள். முதல் வார்டில் தப்பு நடக்காமல் இல்லை, சொன்னால் எல்லார் முன்னாலும் கிழித்துவிடுவார் என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டாவது வார்டில் புதிதாக வந்த ஒரு பெண் ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க ஸ்டெரைல் வாட்டர் எடுக்கப்போனவள் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை எடுத்துவிட்டாள். இரண்டுமே பத்து மில்லி, இரண்டுமே தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும், எழுத்து மட்டும் பொடியாக வேறு. பொட்டாசியத்தை அப்படியே வேகமாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும், அவ்வளவு ஆபத்து. அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைக்கும்போது லேபிளைப் பார்த்துவிட்டாள், ஊசி போடவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கையெல்லாம் நடுங்க நேரே சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் "பேஷண்ட் நல்லா இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் "எந்தத் தட்டுல இருந்து எடுத்த? காட்டு" என்றார். போய்ப் பார்த்தால் இரண்டு டப்பாவும் ஒரே தட்டில் ஒட்டி ஒட்டி இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி டியூட்டி மாறுவதற்குள் பொட்டாசியம் முழுக்கத் தனி அலமாரிக்குப் போய்விட்டது, பூட்டு, சிவப்பு மையில் எழுதிய சீட்டு, எடுக்கும்போது இரண்டு பேர் லேபிளைப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்தப் பெண்ணுக்கு மெமோ இல்லை. அடுத்த வார்டில் அதே டப்பாக்கள் அதே தட்டில் அப்படியே இருந்தன, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் சொன்னதில்லை.

இதைத்தான் பிற்பாடு அமெரிக்காவில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் என்ற அம்மா, 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்திருக்கிறார், நல்ல தலைமை உள்ள வார்டில் தப்பு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருக்கிறார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல வார்டில்தான் அதிகம். தோண்டிப் பார்த்தால் அங்கே தப்பு அதிகம் நடக்கவில்லை, தப்பைப் பற்றிப் பயமில்லாமல் பேசுகிறார்கள். அந்தக் கட்டுரை வந்தது 1996-இல். அதற்குப் பல வருஷம் கழித்து உங்கள் கூகுள்காரர்கள் 2012-இல் ஆரம்பித்து தங்களுடைய 180 டீம்களை அலசி, எது டீமை நன்றாக வைக்கிறது என்று தேடினார்கள். யார் யார் டீமில் இருக்கிறார்கள் என்பதைவிட, வாயைத் திறந்தால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான் முதலிடத்தில் வந்ததாம். எங்கள் சிஸ்டர் இதையெல்லாம் படிக்கவில்லை, அவர் காலத்தில் இதெல்லாம் எழுதப்படவும் இல்லை.

அதனால் யாராவது உன்னிடம் வந்து "அக்கா, புரொடக்‌ஷன்ல ஒண்ணு உடைஞ்சுபோச்சு" என்றால் உன் முகம் என்ன ஆகிறது என்று கவனி. யார் செய்தது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளு, பல சமயம் அதைக் கேட்கவேண்டிய தேவையே வராது. கஸ்டமருக்கு என்ன பாதிப்பு, இப்போது என்ன செய்யலாம், எந்தத் தட்டில் இரண்டு டப்பா ஒட்டி இருந்தது, இந்த வரிசையில் கேள். இதற்காகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இரு என்று சொல்லவில்லை. ஒரே அசட்டையை மூன்றாம் முறை செய்கிறவனும், தப்பை மறைக்கிறவனும் வேறு ரகம், அவர்களிடம் கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் சிஸ்டரும் மறைத்தவர்களை விட்டதில்லை.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு வருகிறேன். நீ "பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாய், அப்புறம் நினைத்த மாதிரி வரவில்லை என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீயே உட்கார்ந்து செய்கிறாய். வார்டில் ஓவர் கொடுக்கும்போது, அதாவது டியூட்டி முடிந்து அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது, "ஏழாம் பெட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று எவளாவது சொன்னால் அது ஓவரே இல்லை. "ஏழாம் பெட், மதியம் ஆபரேஷன் முடிஞ்சது, அரை மணிக்கு ஒரு தடவை பிபி பாருங்க, மேல் அளவு 90-க்குக் கீழே போனா டியூட்டி டாக்டரை எழுப்புங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எழுப்புங்க, வலிக்கு எழுதியிருக்கிற ஊசியை நீங்களே போடலாம், கேக்க வேண்டாம்" என்று சொல்வதுதான் ஓவர். என்ன வேலை, எவ்வளவு அடிக்கடி பார்க்கணும், எந்த இடம் வந்தால் என்னைக் கூப்பிடணும், எதை என்னைக் கேட்காமலே முடிவு பண்ணலாம், எல்லாம் அதில் வந்துவிட்டது பார். கேட்டவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உன் டீமில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்பார்கள், "நீங்க இதை எப்படிச் செய்யப்போறீங்க, சொல்லுங்க" என்று கேட்டால்தான் எது புரியவில்லை என்று தெரியும்.

குழந்தைக்கு நரம்பு கிடைக்காதபோது ஒரே குத்தில் ஊசி ஏற்றத் தெரிந்த நர்ஸ் வார்டுக்கு ஒருத்தி இருப்பாள். அவளை இன்சார்ஜ் ஆக்கினால் ஆபத்து என்ன தெரியுமா, எங்கே குழந்தை அழுதாலும் அவளையே கூப்பிடுவார்கள், அவளும் பெருமையாக ஓடுவாள், ஒரு வருஷம் கழித்தும் வார்டில் அவள் ஒருத்திக்குத்தான் ஊசி ஏற்றத் தெரியும். நீ கோட் எழுதுவதில் கெட்டிக்காரி, அதனால்தான் சொல்கிறேன். அவசரத்துக்கு நீ செய்வதில் தப்பில்லை, ஆனால் பக்கத்தில் ஒருத்தரை நிற்க வைத்துச் செய், அடுத்த தடவை அவர் செய்யட்டும், நீ பக்கத்தில் நில், கை துறுதுறுத்தாலும் கீபோர்டைப் பிடுங்காதே.

தப்பைச் சொல்லும்போது தனியாகச் சொல், அன்றைக்கே சொல், நடந்ததை மட்டும் சொல். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதை வீட்டோடு வைத்துக்கொள், உன் தம்பியிடம் சொல்ல உதவும். புகழ்ச்சி நாலு வரி, நடுவில் குறை ஒரு வரி, மறுபடி புகழ்ச்சி என்று ஒரு பாணி டிரெயினிங்கில் சொல்லிக்கொடுக்கிறார்களாமே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாதிப் பேருக்குக் குறை காதில் விழாது, மீதிப் பேர் நீ பாராட்ட வாயெடுத்தாலே அடுத்து என்ன வருமோ என்று பயப்படுவார்கள். பாராட்டைப் பாராட்டாகவே சொல், அதையும் இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்டுச் சொல். வெறும் "சூப்பர்" என்பது யாருக்கும் மறுநாள் ஞாபகமிருக்காது.

வாரம் அரை மணி ஒவ்வொருத்தரோடும் தனியாகப் பேசுகிறேன், எல்லாரும் "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று சலித்துக்கொண்டாய். "எப்படிப் போகுது?" என்று கேட்டால் ஓகே என்றுதான் வரும். "இந்த வாரம் உங்க நேரத்தை எது தின்னுச்சு?", "நான் செஞ்சதுல எது உங்களுக்கு இடைஞ்சலா இருந்துச்சு?" என்று கேட்டுப் பார். கேட்டுவிட்டுச் சும்மா இரு, மௌனத்தை நீயே நிரப்பாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. முக்கியமாக, உன் மேலதிகாரி மீட்டிங் வைத்துவிட்டார் என்று அந்த அரை மணியை ரத்து செய்துகொண்டே போகாதே. இரண்டு தடவை ரத்தானால் தனக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மேலே இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பது தனிப் பாடம். டீமைக் கேட்காமல் தேதி கொடுக்காதே, இது முதல். இரண்டாவது, முடியாது என்று மொட்டையாகச் சொல்லாதே. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும், மற்ற பொது ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒருத்தர். நிஜத்தில் ராத்திரி வார்டு எப்படி ஓடுகிறது என்று நீயே சின்ன வயசில் வந்து பார்த்திருக்கிறாய். "ஆள் பத்தல சார்" என்று போய் நின்றால் "எல்லா எடத்துலயும் அப்படித்தான்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் ஒரு தாளில் அன்றைய ராத்திரி செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிக்கொண்டு போவேன், இத்தனை பேஷண்ட், இத்தனை நர்ஸ், இதுவரைக்கும் கட்டாயம் நடக்கும், இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது நடக்காது, எதை விடட்டும் என்று நீங்களே குறித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்பேன். கையெழுத்து என்றதும் எங்கிருந்தோ ஒரு ஆள் வந்துவிடும். வராத நாளில், எதை விட்டோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், பழி என் பிள்ளைகள் தலையில் விழாது. உன் ஆபீசில் கையெழுத்துக்குப் பதில் மெயில், வேறொன்றும் வித்தியாசமில்லை.

உன் சொந்த வளர்ச்சியையும் பார்த்துக்கொள். டீம் டீம் என்று ஓடிவிட்டு அப்ரைசல் சமயத்தில் என்ன செய்தோம் என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. மாதக் கடைசியில் பத்து நிமிஷம், என்ன முடித்தோம், அதனால் கம்பெனிக்கு என்ன மிச்சமானது, யார் என்ன நல்லது சொன்னார்கள் என்று எழுதி வை. சம்பளம் பற்றிப் பேச வெட்கப்படாதே, நன்றாக உழைத்தால் அவர்களாகவே தருவார்கள் என்று காத்திருந்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு அடுத்த வருஷமும் உழைப்பு மட்டும்தான் கூடியது. அப்புறம் ஒரு வருஷம் பார்த்துவிட்டு இந்த மேனேஜர் வேலை பிடிக்கவில்லை என்றால் திரும்ப டெக்னிக்கல் பக்கமே போய்விடு. உங்கள் துறையில் ஆள் மேய்க்காமலே மேலே போக வழி இருக்கிறது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். சொந்தக்காரர்கள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாய், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வராதே. அந்த நாட்களுக்கு யார் உன் இடத்தில் இருப்பார் என்று இப்போதே முடிவு செய், அந்த சீனியரையே வைத்தால் இன்னும் நல்லது, மேலே நான் எழுதிய மாதிரி ஓவர் கொடு, எதற்கு உன்னைக் கூப்பிடலாம் என்பதையும் சொல்லிவிடு. ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, திறந்த அன்றைக்கே காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து போட்டுவிடு, இல்லையென்றால் ஆம்னி பஸ்காரன் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கும். லீவை மட்டும் இந்த வாரமே சொல்லி வை.

அன்புடன்,
அம்மா