அந்த எண்ணையும் போடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் இதழும் சேர்ந்தே வந்தன. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள், அதை எழுதவே இல்லையே! இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது தானே பேப்பர் படிக்கிறார்.

தடுப்பூசி பற்றிய உன் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன், நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 'லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாயே தவிர, எந்த ஆய்வு என்று எங்கேயும் இல்லை. 1823-லிருந்து வாராவாரம் வருகிற மருத்துவ இதழில் வாசகர் எங்கே போய்த் தேடுவார்? டிஓஐ எண்ணை, அதாவது ஆய்வுக் கட்டுரைக்கென்று தனியாகக் கொடுக்கிற அடையாள எண்ணை, போட்டுவிடு. ஒரே வரிதான்.

இணைய முகவரியை மட்டும் கொடுத்தால் நிற்காது. இதழ் கைமாறும், தளத்தை மாற்றி அமைப்பார்கள், பழைய சுட்டி செத்துப்போகும். டிஓஐ அப்படியில்லை, கட்டுரை எங்கே போனாலும் பதிப்பகம் புது முகவரியைப் பதிந்துவிட்டால் அதே எண் அங்கே கொண்டுபோய்விடும். 10.1038 என்று ஆரம்பித்தால் நேச்சர் பதிப்பகம், 10.1126 என்றால் சயன்ஸ் இதழ், சாய்கோட்டுக்குப் பிறகு வருவது அந்தக் கட்டுரைக்கே உரியது. ஒரு பதிப்பகத்தின் மேற்கோளிலிருந்து இன்னொரு பதிப்பகத்தின் கட்டுரைக்கு நேராகப் போக வழி வேண்டும் என்றுதான், போட்டியாளர்களான பதிப்பகங்களே 2000-இல் சேர்ந்து, இந்த எண்களைப் பதிந்துவைக்கும் கிராஸ்ரெஃப் அமைப்பைத் தொடங்கின.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போடுகிற எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட, வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரின் கட்டுரை வந்தது இதே லான்செட்டில்தான், 1998-இல், வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010 பிப்ரவரியில்தான் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. கட்டுரையை அழித்துவிடவில்லை, அந்த எண்ணைப் பிடித்துப் போனால் திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு இன்றும் அங்கேயே இருக்கிறது. வெறுமனே 'லான்செட் சொன்னது' என்று கேள்விப்பட்டவருக்கு இது எப்படித் தெரியும்? 12 வருஷம் அந்தப் பேச்சு எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கும், நினைத்தால் இன்னும் ஆற மாட்டேன் என்கிறது. திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுத்துவந்த ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது, அச்சுக்குப் போகும் முன் அதிலும் ஒருமுறை பார்த்துவிடு.

இன்னொன்று. நேச்சர் போன்ற இதழ்கள் கட்டுரையை நிருபர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்று சொல்லும். அதுவரை செய்திக்குறிப்பில் உள்ள டிஓஐ திறக்காமல் போகலாம், பிழை என்று நினைத்து எடுத்துவிடாதே.

வாசகர் பணம் கட்டித்தானே படிக்க முடியும் என்று நீ கேட்பாய். சுருக்கம் பெரும்பாலும் இலவசம்தான், தவிர அதே எண்ணை அன்பேவால் (Unpaywall) என்ற இணையச் சேவையில் கொடுத்தால், சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும்.

அடுத்த இதழுக்கான கட்டுரையை அச்சுக்கு முன் எனக்கு அனுப்பு, எண்களை நான் தேடித் தருகிறேன். பேத்தியின் பெயரை மறக்காமல் எழுது.

உன் பழைய ஹாஸ்டல் தோழன்